மலிவு கிட்டாரில் மெட்டல் சத்தம்: பிக்கப் மாற்றினால் போதுமா?

5 மார்ச் 2023

வந்த கேள்வி இது, ஒரு எழுத்தும் மாத்தாம போடுறேன். (புதுசா படிக்கிறவங்களுக்கு: பிக்கப்னா எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பியோட ஆட்டத்தை மின் சிக்னலா மாத்துற காந்தமும் சுருளும். ஒரு சுருள்னா சிங்கிள் காயில், ரெண்டுன்னா ஹம்பக்கர். ஸ்ட்ராட்னா ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம். டிஸ்டார்ஷன்னா சிக்னலை வேணும்னே உடைச்சு கரகரப்பாக்குறது.)

"அண்ணே, என்கிட்ட இருக்கிறது ஸ்ட்ராட் மாடல். மூணு பிக்கப்பும் சிங்கிள் காயில். செகண்ட் ஹேண்ட்ல ஒன்பதாயிரத்துக்கு வாங்கினேன். 10 வாட் ஆம்ப், ஒரு டிஸ்டார்ஷன் பெடல். எந்தக் குமிழைத் திருகினாலும் தகர டப்பாவுக்குள்ள கொசு மாட்டின மாதிரிதான் வருது. ஹம்பக்கர் போட்டா சத்தம் கனமாகுமா? இல்ல இதை வித்துட்டு வேற வாங்கணுமா?"

6 மார்ச் 2023

விற்காதே தம்பி. கழுத்து நேரா இருந்து, ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கட்டை) தேயாம இருந்தா மீதி எல்லாம் கழட்டி மாட்டுற சமாசாரம்தான்.

கொசுவுக்குக் காரணம் பிரிட்ஜ் (உடம்புல கம்பியைத் தாங்குற தட்டு) பக்கத்து சிங்கிள் காயில். கம்பி கொஞ்சமா ஆடுற இடத்துல உட்கார்ந்திருக்கு, அதனால அங்க பிடிபடுறது பெரும்பாலும் மேல் ஸ்தாயி கீச்சுதான். மலிவு ஸ்ட்ராட் பலதுல ஆறு இரும்புத் துண்டு, அடியில ஒட்டின ஒரு செராமிக் காந்தப் பட்டை, மீட்டர்ல வெச்சா 5, 6 கிலோ ஓம். அந்தக் கீச்சு மேல டிஸ்டார்ஷன் போட்டா கீச்சுதான் பெருசாகும். கூடவே கரண்ட்ல இருந்து வர்ற 50 ஹெர்ட்ஸ் உறுமலும் பெருசாகும்.

ஹம்பக்கர்ல ரெண்டு சுருள். சுத்துற திசையும் எதிர், காந்த முனையும் எதிர். கம்பியோட சிக்னல் ரெண்டுலயும் சேர்ந்து கூடும். வெளியில இருந்து வர்ற உறுமல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கும். கிப்சன் கிட்டார் கம்பெனியில வேலை பார்த்த சேத் லவர் 1955-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்ச யோசனை, இன்னிக்கு வரைக்கும் அதேதான். எழுபதுகள்ல அமெரிக்க ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் ஸ்ட்ராட் வடிவ உடம்புல கிப்சன் ஹம்பக்கரைத் திணிச்சு, ஒரே ஒரு வால்யூம் குமிழோட விட்டார். நீ கேட்கிறதும் அதே வேலைதான்.

ஆக: பிரிட்ஜ்ல ஒரு ஹம்பக்கர், வால்யூம் கண்ட்ரோல் 250கே-ல இருந்து 500கே (கே-ன்னா கிலோ ஓம்). ஒரு சாயங்கால வேலை. முடிஞ்சது.

(ஏப்ரல்ல வந்து சேர்க்கிறேன்: அந்தக் கடைசி ரெண்டு வாக்கியத்தை அழிக்கலாம்னு வந்தேன். இருக்கட்டும், நாலு பேர் சிரிக்கட்டும்.)

6 மார்ச், இரவு

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பிக்கார்டைக் (பிக்கப், குமிழ் எல்லாம் மாட்டியிருக்கிற மேல் தட்டு) கழட்டி உள்ளே குழியைப் பாரு. சிலதுல நீச்சல் குளம் மாதிரி ஒரே பெரிய குழி இருக்கும், எதை வேணா போடலாம். சிலதுல சிங்கிள் காயில் அளவுக்கு மூணு சின்னக் குழிதான். அப்படின்னா மரத்தைக் குடையணும். குடைய மனசில்லாதவங்களுக்கு சிங்கிள் காயில் அளவுலயே ரெண்டு சுருளை அடுக்கின ஹம்பக்கர் கிடைக்குது.

இன்னொண்ணு, கம்பிக்கு நடுவுல உள்ள இடைவெளி. ஸ்ட்ராட் பிரிட்ஜ் அகலம், அதுக்குத் தோதா 52 மில்லிமீட்டர் சொச்சம் இருக்கிற ஹம்பக்கர் தனியா விக்குது. பழைய கிப்சன் அளவு 49 சொச்சம். குறுகலானதைப் போட்டா ஓரக் கம்பி ரெண்டும் திருகுக்கு மேல இல்லாம வெளியே நிக்கும். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணுக்குத் தெரியும், தினமும் தெரியும்.

9 மார்ச் 2023

வயர் கலர் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். என் மானம் போன கதையைச் சொல்ல வேண்டியதுதான்.

நாலு வயர் ஹம்பக்கர்ல ஒரு சுருளுக்கு ரெண்டு வயர், கூட உறை இல்லாத ஒரு வெறும் கம்பி. எதை எதோட சேர்க்கணும்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செய்மோர் டன்கன்ல கறுப்பு ஹாட் (சிக்னல் வெளியே போற வயர்), சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து டேப் சுத்தணும், பச்சையும் வெறும் கம்பியும் எர்த். டிமார்சியோல சிவப்பு ஹாட், கறுப்பையும் வெள்ளையையும் சேர்க்கணும், பச்சை எர்த். நான் வாங்கினது டன்கனோட ஜேபிங்கிற ஹம்பக்கர். முன்னாடி வைச்சுப் பார்த்துக்கிட்டிருந்த படம் டிமார்சியோவோடது. தப்பு முழுக்க என் கண்ணோடது.

என்ன ஆகும்? ஜேபியில கறுப்பும் வெள்ளையும் ஒரே சுருளோட ரெண்டு முனை. அதைச் சேர்த்தா அந்தச் சுருள் தன்னைத்தானே சுத்திக்கிட்டு சும்மா கிடக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவுல இருக்கிற இன்னொரு சுருள் மட்டும் பாடும். அதாவது காசு குடுத்து ஹம்பக்கர் வாங்கி, அதைச் சிங்கிள் காயிலா மாத்தி, அதே கொசுவைத் திரும்பக் கூட்டிட்டு வந்தேன். உறுமலும் கூடவே வந்துச்சு.

மூணு நாள் அதை வாசிச்சேன். "என்ன இருந்தாலும் கொஞ்சம் கனம் கூடியிருக்குல்ல?"ன்னு வீட்டுல கேட்டேன். "ஆமாம்"னாங்க. நான் கேட்ட தொனிக்கு வேற பதில் சொல்ல முடியாது. நாலாம் நாள் மீட்டரை எடுத்து வெச்சேன். 8.2 கிலோ ஓம். ஜேபி 16 சொச்சம் காட்டணும். அப்பத்தான் விளங்குச்சு.

பாடம்னு இல்ல, வழக்கம்னு வெச்சுக்கோ: கலரை நம்பாதே. பிக்கப் கையில வந்ததும் மீட்டரை ஓம்ல வெச்சு எந்த ரெண்டு வயருக்கு நடுவுல அளவு காட்டுதுன்னு பாரு. காட்டுற ஜோடி ஒரு சுருள். இன்னொரு ஜோடி இன்னொரு சுருள். எழுதி வெச்சுட்டு அப்புறம் ஈயம் ஒட்டுற இரும்பைச் சூடு பண்ணு.

10 மார்ச் 2023

"காதே பொய் சொல்லுதுன்னா அப்புறம் எதை நம்புறது?"ன்னு கீழே ஒருத்தர். காது பொய் சொல்லலை சார். செலவு பண்ணின காசு சொல்லுச்சு.

14 மார்ச் 2023

500கே வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். "500கே வால்யூம் குடுங்க"ன்னேன், குடுத்தார். முதுகுல பி500கே-ன்னு இருந்ததைக் கவனிக்கலை. பி-ன்னா லீனியர். எனக்கு வேண்டியது ஏ, அதாவது லாக். லீனியரை வால்யூமுக்குப் போட்டா குமிழ் 10-ல இருந்து 3 வரைக்கும் இறங்கினாலும் சத்தம் பெருசா அசையாது, அப்புறம் தடால்னு விழும். டிஸ்டார்ஷனை வால்யூம் குமிழால தணிச்சு வாசிக்கிற ஆளுக்கு இது தொல்லை. எப்பவும் 10-லயே வெச்சிருக்கிற ஆளுக்கு எதுவா இருந்தா என்ன.

மலிவு கிட்டார்ல பொதுவா 16 மி.மீ. சின்னப் பாட் (குமிழுக்கு அடியில இருக்கிற கண்ட்ரோல்)தான் இருக்கும், பிக்கார்டு ஓட்டையும் அதுக்கேத்த சின்னது. பெரிய அமெரிக்கப் பாட் வாங்கினா ஓட்டையைப் பெருசாக்கணும். சின்னதுலயே நல்லது இருக்கு, அதையே வாங்கு.

500கே எதுக்குன்னா, வால்யூம் கண்ட்ரோல் எவ்வளவு சின்ன அளவோ அவ்வளவு மேல் ஸ்தாயியைத் தின்னும். ஹம்பக்கர் ஏற்கெனவே மந்தமானது, அதை 250-ல வெச்சா போர்வை போத்தின மாதிரி ஆகும். ஆனா 500-ஐப் போட்டதும் கழுத்துப் பக்கமும் நடுவுலயும் இருக்கிற சிங்கிள் காயில் ரெண்டும் பல் கூசுற மாதிரி ஆகிடும். அதுக்கு ஒரு ரெசிஸ்டர் போதும்: அந்த ரெண்டுக்கு மட்டும் ஹாட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல 470கே. 500-ம் 470-ம் பக்கவாட்டுல சேர்ந்தா 242 சொச்சம், பழைய 250 மாதிரியே ஆயிடும். ரெசிஸ்டர் விலையைவிட வண்டி பார்க்கிங் அதிகம்.

14 மார்ச், திரும்ப

ஹம்பக்கரும் நடு பிக்கப்பும் சேர்ந்து வர்ற இடத்துல சத்தம் மூக்கடைச்ச மாதிரி ஒல்லியா இருந்தா, ரெண்டும் எதிர்க் கட்டத்துல இருக்கு, ஒண்ணோட அலையை இன்னொண்ணு அடிக்குதுன்னு அர்த்தம். ஹம்பக்கரோட ஹாட்டுக்கும் எர்த்துக்கும் போற ரெண்டு வயரை இடம் மாத்து, வெறும் கம்பி மட்டும் எர்த்துலயே இருக்கட்டும். சரியாகிடும். இதைத் தனியா எழுத வேண்டாம்னு பார்த்தேன், ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டாங்க.

19 மார்ச் 2023

இரைச்சல். இதைப் பத்தி ராத்திரி முழுக்கப் பேசலாம்.

உறுமல் வேற, "ஸ்ஸ்ர்ர்"னு எரியுற மாதிரி வர்ற சத்தம் வேற. முதலாவதை ஹம்பக்கர் அடக்கும். ரெண்டாவதை அடக்காது. எங்க வீட்டுல அந்த ரெண்டாவது மாசக்கணக்கா இருந்துச்சு. அதைத் தடுக்க பிக்கார்டு அடியிலயும் குழியிலயும் சப்பாத்தி சுத்துற அலுமினிய ஃபாயிலை ஒட்டினேன். ஃபெவிகால் நடுவுல வந்து ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் தொடர்பே இல்ல, அலுமினியத்துல ஈயமும் ஒட்டாது. போதாததுக்கு கேபிள் சொருகுற ஜாக்கோட ஹாட் முனை ஃபாயில்ல உரசி, கிட்டார் மொத்தமா ஊமை. எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டு தாமிர டேப் வாங்கி ஒட்டினேன். டேப் துண்டு சேர்ற இடத்துல எல்லாம் ஒரு பொட்டு ஈயம், எங்கேயாவது ஒரு இடத்துல எர்த். குறைஞ்சுது. பாதிதான் குறைஞ்சுது.

மிச்சப் பாதி எங்க இருந்ததுன்னா, தலைக்கு மேல. ஃபேன் ரெகுலேட்டர். ஃபேன் ரெண்டுலயோ மூணுலயோ ஓடினா ஸ்ஸ்ர்ர். முழு வேகத்துல வெச்சா அமைதி. நிறுத்தினாலும் அமைதி. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை நடுவுல வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்குது, அந்த வெட்டு வயர் வழியாவும் காத்து வழியாவும் கிட்டாருக்கு வந்து சேருது. அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டர்ல இந்தத் தொல்லை கிடையாது. சென்னை ஏப்ரல்ல ஃபேனை நிறுத்திட்டு மெட்டல் வாசிச்சுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் மெட்டல் எவ்வளவு கனம்னு.

சோதிக்க எளிய வழி: கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுதா? அப்போ பிரிட்ஜ் எர்த் சரியா இருக்கு. தொட்டா கூடுதா? ஜாக்ல ஹாட்டும் எர்த்தும் மாறியிருக்கலாம்.

தொட்டா விரல்ல சுர்ருன்னு ஏறுதா? கிட்டாரைக் கீழே வை. இது பிக்கப் சமாசாரம் இல்ல. கம்பி, பிரிட்ஜ், கேபிள், ஆம்ப் உடம்பு எல்லாம் ஒரே எர்த்துல இணைஞ்சது. ஆம்ப்போட பிளக்குல மூணு முள் இருக்கலாம், வாடகை வீட்டு சுவர்ல மூணாவது ஓட்டை வெறும் அலங்காரமா இருக்கலாம். எங்க வீட்டுல அப்படித்தான் இருந்துச்சு, உள்ளே வயரே இல்ல. பக்கத்துல மைக் வெச்சுப் பாடினா உதட்டுல வாங்குவீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்க, 230 வோல்ட்டோட விளையாட்டு வேண்டாம். எர்த் போட்டதும் இரைச்சலும் கணிசமா குறைஞ்சுது. தாமிர டேப்புக்கு முன்னாடி இதைப் பண்ணியிருக்கணும்.

2 ஏப்ரல் 2023

பிக்கப்பை மெழுகுல முக்கணுமான்னு கேட்டவருக்கு. சத்தத்தைக் கூட்டினா பிக்கப் விசில் அடிக்குதுன்னா உள்ளே சுருள் தளர்வா இருந்து மைக் மாதிரி வேலை செய்யுது. மெழுகுல முக்கினா அடங்கும், வான் ஹேலனே முக்கியிருக்கார். நானும் முக்கினேன், பழைய மலிவு பிக்கப்பை, மெழுகுவத்தி உருக்கி, நேரா அடுப்புல வெச்சு. பிளாஸ்டிக் சட்டம் வாழைப்பழத் தோல் மாதிரி வளைஞ்சுது. செய்யுறதுன்னா வெந்நீருக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு, 60, 65 டிகிரி தாண்டாம, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும். பால் பாத்திரத்தை எடுக்காதீங்க. அந்தப் பாத்திரம் இன்னும் என் பேர்லதான் அலமாரியில இருக்கு.

16 ஏப்ரல் 2023

6 மார்ச்ல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அதுல பாதி தப்பு. பாதி இல்ல, வரிசையே தப்பு.

போன வாரம் ஒரு ஜாம் ரூமுக்குப் போனோம். அங்கே தோள் உயரத்துக்கு நாலு 12 அங்குல ஸ்பீக்கர் வெச்ச கேபினட். என் ஜேபி கிட்டாரோட கேபிள் பாதியில செத்துப் போச்சு. கூட வந்த பையன் கிட்டாரை வாங்கி வாசிச்சேன். மூணு சிங்கிள் காயில் உள்ள ஸ்ட்ராட் நகல், நம்ம தம்பி கிட்ட இருக்கிற அதே ரகம், ஒரு மாற்றமும் பண்ணாதது. நெஞ்சுல இடிச்சுது. நான் ஒரு மாசம் ஈயம் உருக்கினதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல கொஞ்சம் கோமாளித்தனமா தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து யோசிச்சா, இது எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். கனம்ங்கிற சத்தமே யார்கிட்ட இருந்து ஆரம்பிச்சதுன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பேர் டோனி ஐயோமி, பிளாக் சபாத்ங்கிற இங்கிலாந்து மெட்டல் பேண்டோட கிட்டாரிஸ்ட். பிளாக் சபாத் முதல் ஆல்பம் பதிவுல அவரோட ஸ்ட்ராட்ல பிக்கப் மக்கர் பண்ண, கிப்சன் எஸ்ஜிக்கு மாறினார். அந்த எஸ்ஜியில இருந்தது பி-90ங்கிற பிக்கப். அதுவும் சிங்கிள் காயில்தான்! அதோட கம்பியும் மெல்லிசு. பர்மிங்காம்ல தகடு வெட்டுற தொழிற்சாலையில 17 வயசுல வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு. அவர் இடக்கை வாசிப்பாளர், ஃப்ரெட் அழுத்துறது அந்தக் கைதான். அதனால மெல்லிய கம்பி, அப்புறம் சுருதியையும் இறக்கினார். 1971-ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல பல பாட்டு மூணு அரைச்சுரம் கீழே.

தடிமன் கம்பி, ஹம்பக்கர் ரெண்டும் இல்லாமலே கனம் வந்திருக்கு. அப்போ கனம் எங்கே இருக்கு?

17 ஏப்ரல் 2023

நேத்து தூக்கம் வரலை. ஐயோமி ஆம்ப்புக்கு முன்னாடி என்ன வெச்சிருந்தார்? டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர், ஒரு ட்ரெபிள் பூஸ்டர். பேர்லயே இருக்கு: மேல் ஸ்தாயியைத் தூக்குற பெட்டி. கனமான சத்தத்தோட தகப்பன் பாஸைக் கூட்டலை, டிஸ்டார்ஷனுக்குள்ள போறதுக்கு முன்னாடி பாஸைக் குறைச்சார்.

நாம எல்லாரும் தலைகீழா பண்றோம். கனம் வேணும்னா பாஸ் குமிழை முழுசா திருகு, கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்கி உடைக்கணும்ங்கிற குமிழ்) முழுசா திருகு. கீழ் ஸ்தாயிதான் சிக்னல்ல பெருசு. அது உள்ளே போய் முதல்ல உடையும், உடைஞ்சு கஞ்சியாகும், அதுக்குள்ள அடிக்கிற ஒவ்வொரு அடியும் மூழ்கிடும். முன்னாடி வடிகட்டிட்டு, டிஸ்டார்ஷன் முடிஞ்சப்புறம் பாஸைக் கூட்டினா அடி தனித்தனியா விழும். கனம்னு காது நினைக்கிறது அந்த அடியைத்தான்.

மெட்டல்காரங்க ட்யூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடலை வெச்சிருக்கிறதும் இதுக்குத்தான். டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. அதோட சர்க்யூட்ல 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக கெயின் குறைவு. டிஸ்டார்ஷன் குடுக்க அது அங்க இல்ல, இடுப்பைச் சுருக்கிக் கட்டுற பெல்ட்டா இருக்கு.

நம்ம தம்பிக்கு: ஒரு ஈக்வலைசர் பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி போடு. 100, 200 ஹெர்ட்ஸை இறக்கு, 800 பக்கம் கொஞ்சம் ஏத்து. கெயினைப் பாதியாக் குறை. குறைச்சா கனம் குறையும்னு கை நடுங்கும், குறை. அப்புறம் ஆம்ப்ல பாஸைக் கூட்டு. உன் பெடல்ல இருக்கிற பாஸ் குமிழ் பெரும்பாலும் உடைஞ்சதுக்கு அப்புறம் வர்றது, அதை இறக்கி இந்தப் பலன் வராது.

18 ஏப்ரல் 2023

"ஸ்வீடன்காரங்க பாஸ் (Boss) கம்பெனியோட எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடல்ல எல்லாக் குமிழையும் முழுசா திருகித்தானே வெச்சாங்க?" ஆமாம் சார், ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் அப்படித்தான் ரம்பம் அறுக்கிற மாதிரி ஒலிச்சுது. அது அவங்க ஊர் ருசி. எனக்கும் பிடிக்கும். ஆனா நாலாவது மாடி ஃபிளாட்ல சாயங்காலம் ஏழு மணிக்கு இல்ல.

23 ஏப்ரல் 2023

ஸ்பீக்கர். இதை ரொம்ப லேட்டா சொல்றேன். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல தானா சரியும், டிஸ்டார்ஷன்ல வர்ற கொசு எல்லாம் அதுக்கு மேலதான் குடியிருக்கு. 10 வாட் ஆம்ப்ல இருக்கிற 6 அங்குல ஸ்பீக்கரால கீழே போகவும் முடியாது, மேலே அடக்கவும் முடியாது. ஹெட்போன்ல டிஸ்டார்ஷன் பெடலை நேரா கேட்டா தேனீக் கூடு மாதிரி இருக்கிறதுக்கும் இதே காரணம். கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டி சத்தத்தைப் போலியா பண்றது) உள்ள ஏதாவது ஒரு சின்னப் பெட்டியோ, கம்ப்யூட்டர்ல இலவச மென்பொருளோ வெச்சு ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் பிக்கப்புக்குக் காசு செலவழி. இதை மார்ச் 6-லயே சொல்லியிருந்தா இந்தப் பக்கமே இவ்வளவு நீளமாகியிருக்காது.

30 ஏப்ரல் 2023

கம்பி. ஐயோமி மெல்லிசுல சாதிச்சார்னு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு 9–42 செட் (மெல்லிய கம்பியும் தடித்த கம்பியும் அங்குலத்துல ஆயிரத்துல எத்தனை பங்குன்னு) போட்டு டிராப் டி-க்கு, அதாவது ஆறாவது கம்பியை மட்டும் ரெண்டு அரைச்சுரம், இறக்கினேன். ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸ்ல இருந்து 73.4-க்கு வந்ததும் துணி காயப்போடுற கொடி மாதிரி தொங்குது. ஓங்கி அடிச்சா முதல் கணம் சுருதி மேல ஏறி அப்புறம் இறங்குது. மெல்லிசா அடிக்கிற கை எனக்கு இல்ல. 10–52 போட்டேன், அடி இறுகிச்சு. 16 ஏப்ரல்ல சொன்னதைத் திருத்திக்கிறேன்: தடிமன் கம்பி கனத்துக்கு இல்ல, என் முரட்டுக் கைக்கு.

52 போட்டதும் நட்ல (கழுத்து உச்சியில கம்பி உட்காருற காடி வெட்டின துண்டு) சிக்கிச்சு. சுருதி சேர்க்கும்போது டிங்னு ஒரு சத்தம் வந்தா கம்பி காடியில மாட்டியிருக்குன்னு அர்த்தம். பென்சில் தேய்ச்சுப் பார்த்தேன், போதலை. பழைய கம்பியில மணல் தாளைச் சுத்தி ராவினேன். ரெண்டு இழுப்பு போதும். நான் பத்து இழுத்தேன். காடி ஆழமாகி, அழுத்தாத கம்பி முதல் ஃப்ரெட்ல பட்டு "ஙொய்".

மருந்து சமையலறையில இருந்துச்சு. காடியில ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா, மேல ஒரு சொட்டு ஃபெவிக்விக். கண் சிமிட்டுற நேரத்துல கல்லாகும், சூடாகும், புகையும் வரும், மூக்கைக் கிட்ட கொண்டு போகாதீங்க. திரும்ப ராவினேன், இந்தத் தடவை ரெண்டே இழுப்பு. ஒரு வருஷம் தாங்கினா அதிர்ஷ்டம், புது நட் போட்டா நல்லது. ஆனா தோசைக்கடை சாமான் வெச்சு மெட்டல் கிட்டார் ரிப்பேர் பண்ணினவன்ங்கிற பெருமையை யாரும் எடுக்க முடியாது.

தடிமன் கம்பி கழுத்தை முன்னாடி இழுக்கும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திட்டு ஏழாவது ஃப்ரெட் கிட்ட விசிட்டிங் கார்டு நுழையுற அளவு இடைவெளி இருக்கலாம். அதுக்கு மேல இருந்தா ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள ஓடுற இரும்புத் தண்டு) கால் சுத்து திருகு. கால்தான். ஒரு நாள் விட்டு அடுத்த கால்.

14 மே 2023

பிரிட்ஜ். மிதக்கிற ட்ரெமலோ (ஸ்ப்ரிங் பலத்துல நிக்கிற, ஆடுற பிரிட்ஜ்) இருந்தா, பாம் மியூட் பண்ண, அதாவது கம்பியை லேசா அமுக்கி வாசிக்க, உள்ளங்கையை வெச்சதும் தட்டு பின்னாடி சாயும், சுருதி ஏறும். கனமான ரிஃப் எல்லாமே பாம் மியூட்தான், அதுல சுருதி ஆடினா எந்தப் பிக்கப்பும் காப்பாத்தாது. பின்மூடியைத் திறந்து மூணு ஸ்ப்ரிங்கை அஞ்சாக்கி, கொக்கித் திருகை இறுக்கி, தட்டு உடம்போட ஒட்டி உட்காரும்படி பண்ணு. கம்பியை வளைக்கும்போதும் அசையக் கூடாதுன்னா அடியில இருக்கிற இரும்புக் கட்டைக்கும் குழியோட பின்சுவருக்கும் நடுவுல ஒரு மரத்துண்டு. எங்க தெருவுல கதவு செய்யுற தச்சர்கிட்ட கேட்டேன், கழிவுத் தேக்குத் துண்டு ஒண்ணை இழைச்சே குடுத்தார். காசு வாங்கலை. "இதுக்குள்ள மரம் எதுக்கு, இதுவே மரம்தானே"ன்னார். பதில் சொல்லத் தெரியலை.

விசையை இழுத்துச் சுருதியை ஆட்டுற விளையாட்டு அதோட போச்சு. எனக்கு நஷ்டம் இல்ல.

4 ஜூன் 2023

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான்: "ஹம்பக்கர் இப்போதைக்கு வேண்டாம்னா, இருக்கிற ரெண்டு சிங்கிள் காயிலைச் சேர்த்து ஒண்ணாக்க முடியாதா?" முடியும். இது என் மண்டையில மார்ச்லயே உதிச்சிருக்கணும்.

சாதா ஸ்ட்ராட்ல ரெண்டு பிக்கப் சேர்ந்து வந்தா அது பக்கவாட்டு இணைப்பு, சத்தம் ஒல்லியாகும். வரிசையா இணைச்சா 5.5-ம் 5.5-ம் கூடி 11 கிலோ ஓம், சத்தம் தடிக்கும். ஒரு சின்ன மூணு முனை ஸ்விட்ச் போதும். பிரிட்ஜ் பிக்கப்போட எர்த் வயரைக் கழட்டி ஸ்விட்சோட நடு முனையில போடு. ஒரு ஓர முனை எர்த்துக்கு, இன்னொரு ஓர முனை நடு பிக்கப்போட ஹாட்டுக்கு. எந்தப் பிக்கப்னு மாத்துற ஐந்து வழி ஸ்விட்ச் பிரிட்ஜ் பிக்கப்ல இருக்கணும். இந்தப் பக்கம் தட்டினா பழைய ஸ்ட்ராட், அந்தப் பக்கம் தட்டினா ரெண்டும் வரிசை. நடு பிக்கப் எதிர்ச் சுத்து ரகமா இருந்தா உறுமலும் அடங்கும். மலிவுல எல்லாத்துலயும் அப்படி இருக்காது, கனம் எப்படியும் வரும்.

தட்டி வெச்சிருக்கும்போது ஐந்து வழியில ரெண்டாவது இடத்துக்குப் போனா நடு பிக்கப் மட்டும்தான் கேட்கும். பிரிட்ஜோட ரெண்டு முனையும் ஒரே இடத்துல சேர்ந்துடுது. வயர் விட்டுப் போச்சுன்னு திரும்பப் பிரிக்காதே. நான் பிரிச்சேன்.

25 ஜூன் 2023

தம்பி பதிவு பண்ணி அனுப்பினான். வரிசை ஸ்விட்ச், முன்னாடி ஈக்வலைசர், 10–52, அழுத்தி உட்கார்ந்த பிரிட்ஜ், கம்ப்யூட்டர்ல கேபினட். என் ஜேபியோட ஒட்டி வெச்சுக் கேட்டேன். என்னோடது கொஞ்சம் வழவழப்பு, அவனோடதுல ஒரு ரம்பப் பல் இருக்கு. கூட்டமா நாலு வாத்தியத்தோட வாசிச்சா அவனோடதுதான் வெளியே கேட்கும்னு தோணுது. இதை எழுதக் கொஞ்சம் வயிறு எரியுது.

12 நவம்பர் 2023

மழை ஆரம்பிச்சதும் பிரிட்ஜ் சேடில் (ஒவ்வொரு கம்பியும் உட்காருற சின்னத் துண்டு) திருகு எல்லாம் துரு. சின்ன ஆலன் சாவியால திருகினா பல் வழுக்குது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டுக் காலையில திருப்பினேன், ஆறுல அஞ்சு வந்துச்சு. தேக்குத் துண்டு கொஞ்சம் உப்பியிருக்கு, கையால எடுக்க வரலை. இருந்துட்டுப் போகட்டும்.

தம்பிகிட்ட இருந்து மெசேஜ்: "அண்ணே, மார்ச்ல நீங்க சொன்னதுமே அவசரப்பட்டு ஹம்பக்கர் ஆர்டர் போட்டேன், ஸ்டாக் இல்லைன்னாங்க, நானும் மறந்துட்டேன். இன்னிக்கு வந்து நிக்குது. பிரிச்சுட்டேன், திருப்பி எடுக்க மாட்டாங்களாம். என்ன பண்ண?"

மாட்டு. வரிசை ஸ்விட்சைக் கழட்டாம ஓரமா விடு, பின்னாடி ஆகும். முதல்ல மீட்டரை எடு, நாலு வயருக்கும் நடுவுல அளந்து, எந்த ஜோடி எவ்வளவு காட்டுதுன்னு இங்கே எழுதிப் போடு. நான் பார்க்கிற வரைக்கும் இரும்பைச் சூடு பண்ணாதே.